மூலக்கூறுகளுக்கு நடுவே ஒரு கோடு தெரிந்தால்: உலோகப் பரப்பில் மென்பிணைப்புகளை நுண்ணோக்கியால் ஆராயும் வழிகாட்டி

2013-இல் பெய்ஜிங்கிலுள்ள தேசிய நானோ அறிவியல் மையத்தின் குழு ஒன்று அணுவிசை நுண்ணோக்கியால் எடுத்த ஒரு படம் வெளியிட்டது. தாமிரப் பரப்பின் மேல் 8-ஹைட்ராக்சிகுவினோலின் மூலக்கூறுகள் கூட்டமாகப் படுத்திருந்தன. வளையங்கள் அச்சில் வார்த்ததுபோலத் தெரிந்தன. ஹைட்ரஜன் பிணைப்பு இருக்க வேண்டிய இடங்களில் மெல்லிய கோடுகளும் ஓடின. பாடப்புத்தகத்தில் புள்ளிக்கோடு போட்டுக் காட்டுவார்களே, அதைக் கண்ணாலேயே பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. நானும் அந்தப் படத்தை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டிவைத்தவன்தான்.

அடுத்த ஆண்டே ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகமும் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து இன்னொரு படத்தைக் காட்டின. தங்கப் பரப்பில் பிஸ்-பாரா-பிரிடைல்-அசிட்டிலீன் மூலக்கூறுகள் நான்கு நான்காகக் கூடியிருந்தன. அந்த அமைப்பில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் எதிரெதிரே வந்து நிற்கும். இரண்டிலும் தனி இரட்டை எலக்ட்ரான்கள் இருப்பதால் அவற்றுக்கிடையே பிணைப்பு இருக்க வழியே இல்லை. ஆனாலும் அங்கேயும் அதே கோடு தெரிந்தது.

மூலக்கூறுகளை ஒன்றோடொன்று லேசாகப் பிடித்துவைக்கும் மென்பிணைப்புகளை ஆராயும் இந்தத் துறையில், இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் நின்றுதான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. கோட்டைப் பார்ப்பது இன்று பெரிய காரியமில்லை. அதை வைத்து என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதில்தான் சிக்கல். டிரைமெசிக் அமிலம் என்ற ஒரே மூலக்கூறை எடுத்துக்கொண்டு, தங்கத்தைக் கழுவுவதிலிருந்து கடைசி அளவீடு வரை போய்ப் பார்க்கலாம்.

படி 1: மூலக்கூறையும் உலோகத்தையும் தேர்ந்தெடுப்பது

டிரைமெசிக் அமிலம் என்பது ஒரு பென்சீன் வளையம், அதில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று கார்பாக்சிலிக் அமிலக் கைகள். ஒரு மூலக்கூறின் கை அடுத்ததின் கையைப் பிடித்தால், இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இணையாக உருவாகும். மூன்று கைகளும் இப்படிப் பிடித்துக்கொண்டால் தேன்கூடு போன்ற வலை வரும். கோழிக்கூண்டுக் கம்பிவலையைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்; ஆய்வாளர்கள் வைத்த பெயரும் அதுதான்.

ஒரு கார்பன்–கார்பன் சகப்பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும். அமிலக் கைகள் இரண்டு சேரும் இரட்டைப் பிடிக்கு 60 கிலோஜூல் போதும். தண்ணீரில் உள்ளது போன்ற தனி ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20-ஐ ஒட்டி. எந்த இரண்டு அணுக்களுக்கிடையிலும் இருக்கும் மெல்லிய வான் டெர் வால்ஸ் ஈர்ப்பில் ஒவ்வொரு அணு ஜோடிக்கும் கிடைப்பது இதைவிட மிகக் குறைவு. அறை வெப்பத்தின் ஆற்றல் 2.5 கிலோஜூல். ஆகவே அறை வெப்பத்தில் வலை நிற்கும், ஆனால் ஓரத்தில் இருக்கும் மூலக்கூறுகள் சும்மா இருக்காது. திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில் வெப்ப ஆற்றல் 0.035 கிலோஜூல்தான். அங்கே எல்லாம் உறைந்து நிற்கும்.

உலோகம் ஏன் தங்கம்? தாமிரம் இந்த அமிலத்தைச் சும்மா விடாது. தாமிரப் பரப்பில் கார்பாக்சில் கை தன் ஹைட்ரஜனை இழந்துவிடும், ஆக்சிஜன் நேராக உலோகத்தோடு பிணையும். போதாததற்கு, பரப்பில் அலையும் தனித் தாமிர அணுக்கள் இரண்டு மூலக்கூறுகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்து பாலம் போடும். அதை ஹைட்ரஜன் பிணைப்பு என்று எழுதி அனுப்பினால் மதிப்பாய்வாளர் பிய்த்துவிடுவார். அடையாளம் தூரத்தில் இருக்கிறது: நடுவில் தாமிர அணு இருந்தால் இரு பக்கத்து அணுக்களுக்கிடையே 4 ஆங்ஸ்ட்ராமை (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) ஒட்டி வரும், ஹைட்ரஜன் பிணைப்பென்றால் 3-க்குள் இருக்கும்.

தங்கத்தின் 111 முகத்துக்கு, அதாவது படிகத்தை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வெட்டினால் கிடைக்கும் பரப்புக்கு, இன்னொரு வசதியும் உண்டு. அதன் மேலடுக்கில் 22 அணுக்கள் இருக்க வேண்டிய இடத்தில் 23 அணுக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். அதனால் சுமார் 63 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒருமுறை ஜோடி ஜோடியாக மேடுகள் வளைந்து வளைந்து ஓடும். மீன்முள் மாதிரி ஒரு கோலம். மூலக்கூறுகளை இட்ட பிறகும் அந்தக் கோலம் அடியில் கலையாமல் தெரிந்தால், மூலக்கூறு தங்கத்தை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். இலவசமாகக் கிடைக்கும் சோதனை இது. எத்தனையோ பேர் இதைக் குறித்துவைக்க மறந்துவிடுகிறார்கள்.

படி 2: வெற்றிடமும் சுத்தமும்

10⁻⁶ டார் (1 டார் என்பது 1.33 மில்லிபார்) அழுத்தத்தில், வந்து மோதும் வாயு மூலக்கூறுகள் எல்லாம் ஒட்டினால் ஏறக்குறைய ஒரு விநாடியில் பரப்பு முழுதும் ஓர் அடுக்கு படிந்துவிடும். அழுத்தத்தை 10⁻¹⁰ மில்லிபாருக்குக் கொண்டுபோனால்தான் சில மணி நேரமாவது பரப்பு சுத்தமாக இருக்கும். அதற்காகவே சேம்பர் முழுவதையும் அலுமினியத் தாளில் சுற்றி 120 முதல் 150 டிகிரி செல்சியஸில் இரண்டு நாள் வேகவைக்கிறோம். அவசரப்பட்டு ஒரு நாளில் நிறுத்தினால், மிச்சமிருக்கும் தண்ணீர் மூன்று வாரம் உங்கள் படங்களில் கோடு கோடாக வந்து நிற்கும்.

தங்கப் படிகத்தை ஆர்கான் அயனிகளால் அடித்து, பிறகு சூடாக்க வேண்டும். 1 கிலோவோல்ட், 15 நிமிடம். அப்புறம் 450 முதல் 500 டிகிரி செல்சியஸ், 10 நிமிடம். புதுப் படிகமானால் இந்தச் சுற்றைப் பத்துப் பன்னிரண்டு முறையாவது செய்யுங்கள். மூலக்கூறை இடுவதற்கு முன்பு வெறும் தங்கத்தைப் படமெடுத்து, மீன்முள் கோலம் நீளமாகவும் ஒழுங்காகவும் ஓடுகிறதா என்று பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படி 3: மூலக்கூறை இடுவது

பொடியை ஒரு சிறிய குவளையில் வைத்துச் சூடாக்கினால் ஆவியாகிப் பரப்பில் படியும். டிரைமெசிக் அமிலத்துக்கு 190–200 டிகிரி செல்சியஸ் போதும். முதல் நாள் தங்கத்தைத் திருப்பிவைத்துவிட்டு, பொடியை 150 டிகிரியில் பல மணி நேரம் சும்மா வேகவிடுங்கள், அதிலுள்ள ஈரமும் கரைப்பானும் போகட்டும்.

எவ்வளவு இடுவது என்பதில் கஞ்சத்தனம் நல்லது. பரப்பில் மூன்றில் ஒரு பங்கு மூடினால் போதும். அடர்த்தி கூடினால் இதே மூலக்கூறு வேறு அமைப்புகளுக்குத் தாவும்: இருவர் கைகோக்கும் இடங்கள் குறைந்து, மூன்று மூலக்கூறுகள் ஒரு முனையில் கூடும் இடங்கள் அதிகரிக்கும், ஓட்டைகள் அரிதாகும். அது தனியாக ஆராய வேண்டிய விஷயம். முதல் சோதனையில் இரண்டையும் கலக்காதீர்கள். இன்னொன்று, வெறும் தங்கம் கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் டிப்பை, அதாவது நுண்ணோக்கியின் கூரான ஊசியை, சரிசெய்ய இடமிருக்கும்.

படி 4: முதலில் எஸ்டிஎம்

ஸ்கேனிங் டனலிங் மைக்ரோஸ்கோப், அதாவது எஸ்டிஎம், 1981-இல் சூரிக் அருகேயுள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் செய்தது. 1986-இல் நோபல் பரிசில் பாதி இவர்களுக்கு வந்தது. கூரான உலோக டிப்பைப் பரப்புக்குச் சில ஆங்ஸ்ட்ராம் மேலே கொண்டுவந்து சிறிய மின்னழுத்தம் கொடுத்தால், தொடாமலேயே எலக்ட்ரான் தாவும். டிப் ஒரு ஆங்ஸ்ட்ராம் விலகினால் மின்னோட்டம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறையும். அதனால்தான் அணுவின் உயரம்கூடப் பிடிபடுகிறது.

மென்பிணைப்பு ஆராய்ச்சியில் மின்னோட்டத்தைக் குறைவாக வையுங்கள்: 10 முதல் 50 பிகோஆம்பியர். அதிகம் வைத்தால் டிப் நெருங்கி வலையைக் கலைத்துவிடும். கூட்டிப் பெருக்கும்போது கோலத்தை அழிப்பதுபோல.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது மூலக்கூறுகள் எல்லாம் ஜோடி ஜோடியாக, ஒரே திசையில், ஒரே இடைவெளியில் நிற்கும் படம் கிடைத்தது. மூன்று நாள் தூக்கமில்லாமல் எடுத்தேன். புது வகைப் பிணைப்பு என்று மனதுக்குள் தலைப்பே எழுதிவிட்டேன். நான்காம் நாள் வழிகாட்டி வந்து படத்தைப் பார்த்தார். “அந்தப் படிக்கட்டு விளிம்பைப் பாருப்பா. அதுவும் இரண்டாகத் தெரியுதே?” என்றார். பரப்பில் ஓர் அணு அடுக்கு முடியும் விளிம்பைத்தான் சொன்னார். டிப்பின் நுனியில் இரண்டு கூர்கள் இருந்திருக்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறையும் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம்: எந்த ஜோடியைப் பார்த்தாலும் முதலில் ஒரு படிக்கட்டு விளிம்பையோ தனியாகக் கிடக்கும் அழுக்கையோ தேடிப் பார்ப்பேன். அப்புறம் டிப்பைச் சரிசெய்து மறுபடி எடுப்பேன். பிணைப்பு மூலக்கூறோடு இருக்கும். போலிப் பிம்பம் டிப்போடு வரும். டிப்பை மாற்றினால் ஜோடியின் திசை மாறுகிறதென்றால் கதை முடிந்தது.

சரி, டிப் நல்லது. இப்போது அளக்கலாம். டிரைமெசிக் அமிலத்தின் நடுவிலிருந்து வளையக் கார்பனுக்கு 1.39 ஆங்ஸ்ட்ராம், அங்கிருந்து கார்பாக்சில் கார்பனுக்கு 1.49. இரண்டும் சேர்ந்து 2.88. இரு பக்கத்துக்கும் 5.76. கைகோத்த இரு கார்பாக்சில் கார்பன்களுக்கிடையே திண்மப் படிகங்களில் கிடைக்கும் தூரம் 3.85-ஐ ஒட்டி. ஆக, மூலக்கூறின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு 9.6 ஆங்ஸ்ட்ராம். தேன்கூடு வலையில் இதை √3-ஆல் பெருக்கினால் வலையின் அலகு நீளம்: 16.6. உங்கள் படத்தில் 16-க்கும் 17-க்கும் நடுவே வந்தால் இரட்டைப் பிடி என்று நம்ப நியாயம் உண்டு.

ஆனால் ஒன்று கவனியுங்கள். நாம் நேராக அளப்பது 9.6-ஐ. நமக்கு வேண்டியதோ ஆக்சிஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள தூரம், அது 2.65 போல. மூலக்கூறின் உடம்பு விறைப்பானது, நீளாது, சுருங்காது. எனவே 9.6-இல் வரும் பிழை முழுவதும் அந்தச் சின்ன இடைவெளியின் தலையில் விழும். நுண்ணோக்கியின் பீசோவை (மின்னழுத்தம் கொடுத்தால் நீண்டு சுருங்கி டிப்பை நகர்த்தும் பாகம்) 3 சதவீதம் தப்பாக அளவுதிருத்தம் செய்திருந்தால் பிழை 0.29 ஆங்ஸ்ட்ராம். 2.65 என்பது 2.36 ஆகலாம், 2.94 ஆகலாம். முன்னது நம்ப முடியாத அளவு வலுவான பிணைப்பு, பின்னது சோப்ளாங்கி. ஒரே படத்தை வைத்துக்கொண்டு இரண்டு கதையும் எழுதலாம்.

இதற்கு வழி: அதே நாளில், அதே வெப்பநிலையில், தங்கத்தின் அணுக்களையே படமெடுத்து அவற்றின் இடைவெளியான 2.88 ஆங்ஸ்ட்ராமை வைத்து இரண்டு திசைகளையும் திருத்துங்கள். மீன்முள் கோலத்தின் 63 ஆங்ஸ்ட்ராம் விரைவான சரிபார்ப்புக்கு உதவும். விளிம்புக்கருகிலும் வளைவுகளிலும் அது நீண்டு சுருங்குவதால் கடைசி அளவுகோலாக வைக்காதீர்கள். மேல்நோக்கி ஒரு ஸ்கேன், கீழ்நோக்கி ஒரு ஸ்கேன் எடுத்து, நகர்வுப் பிழையைக் கழியுங்கள். ஒரே ஒரு ஜோடியை அளக்காமல், இருபது முப்பது அலகுகளின் மொத்த நீளத்தை அளந்து வகுத்தால் பிழை நன்றாகக் குறையும்.

படி 5: டிப்பின் நுனியில் ஒரு கார்பன் மோனாக்சைடு

எஸ்டிஎம் காட்டுவது எலக்ட்ரான் நிலைகளை. அணு எங்கே, பிணைப்பு எங்கே என்று அது நேராகச் சொல்லாது. அதற்கு அணுவிசை நுண்ணோக்கி, ஏஎஃப்எம், வேண்டும். இந்த வேலைக்குப் பயன்படுவது ஃப்ரான்ஸ் கீசிபில் உருவாக்கிய க்யூபிளஸ் உணரி. கைக்கடிகாரத்தில் இருக்கும் குவார்ட்ஸ் கவையின் ஒரு காலை ஒட்டிவைத்து, மறுகாலில் டிப்பைப் பொருத்துவார்கள். விறைப்பு மீட்டருக்கு 1800 நியூட்டன், அதிர்வெண் 30 கிலோஹெர்ட்ஸை ஒட்டி, அலைவீச்சு அரை ஆங்ஸ்ட்ராம். விசையின் மாற்றத்துக்கேற்ப அதிர்வெண் சில ஹெர்ட்ஸ் இப்படியும் அப்படியும் நகரும். அந்த நகர்வுதான் படம்.

2009-இல் ஐபிஎம் சூரிக்கில் லியோ கிராஸ் குழுவினர் டிப்பின் நுனியில் ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை எடுத்துவைத்து, பென்டசீனின் ஐந்து வளையங்களையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். செய்முறை சொல்வதற்கு எளிது. சாம்பிள் 10 கெல்வினுக்குக் கீழே இருக்கும்போது 10⁻⁸ மில்லிபார் அளவில் அந்த வாயுவைச் சில விநாடி விடுங்கள். உலோக டிப்பில் பார்த்தால் ஒவ்வொரு மூலக்கூறும் தாமிரத்தில் சின்னப் பள்ளமாகத் தெரியும். அதன் மேல் நின்று, டிப்பை நெருக்கியோ 3 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக மின்னழுத்தம் கொடுத்தோ எடுக்கலாம். ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, பக்கத்தில் உள்ள இன்னொன்றைப் பாருங்கள். பள்ளத்தின் நடுவே ஒரு பொட்டு முளைத்திருந்தால் ஏறிவிட்டது. தங்கத்தில் அது அவ்வளவு இறுக்கமாக ஒட்டாது. அதனால் சிலர் ஓர் ஓரத்தில் இரண்டடுக்கு உப்புத் தீவுகளை வளர்த்து அங்கிருந்து எடுக்கிறார்கள். ஆம், நம் வீட்டுச் சோடியம் குளோரைடேதான்.

செய்வது வேறு. நாற்பது முறை முயன்று ஒருமுறை ஏறும் நாட்களும் உண்டு. ஏறிய பிறகு லிஃப்ட் பக்கம் யாராவது வாயு உருளையை உருட்டிக்கொண்டு போனால் திரும்பவும் முதலிலிருந்து. ராத்திரியில் வேலை செய்பவர்கள் ஏன் என்று புரிந்திருக்கும்.

படம் எடுக்கும்போது டிப்பின் உயரத்தை மாற்றாமல், மின்னழுத்தத்தைச் சுழிக்கு அருகில் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். ஒரே ஒரு படத்தோடு நிறுத்தாதீர்கள். 10 பிகோமீட்டர் இறங்கி ஒன்று, இன்னும் 10 இறங்கி ஒன்று என்று பத்துப் பதினைந்து உயரங்களில் எடுங்கள். அடுத்த படிக்கு இந்தத் தொடர்தான் மூலதனம்.

படி 6: கோட்டை விசாரிப்பது

கோடு எப்படி உருவாகிறது என்பதை ஒரு கணவாயை வைத்து விளக்கலாம். இரண்டு குன்றுகள், நடுவே கணவாய். குன்றிலிருந்து குன்றுக்குப் போகிறவருக்கு அதுதான் வழியில் தாழ்ந்த இடம். இந்தப் பக்கச் சமவெளியிலிருந்து அந்தப் பக்கச் சமவெளிக்குப் போகிறவருக்கோ அதுதான் உயர்ந்த இடம். எதிரெதிரே நிற்கும் இரண்டு அணுக்களின் விலக்கு விசை இப்படித்தான் ஒரு கணவாயை உண்டாக்குகிறது. டிப்பில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு விறைப்பாக நிற்பதில்லை, லேசாகத் தள்ளினாலே பக்கவாட்டில் சாயும். கணவாயின் உச்சிக்கு வந்ததும் இந்தச் சமவெளிப் பக்கமோ அந்தச் சமவெளிப் பக்கமோ சரிந்துவிடும். அந்தச் சரிவு, மழுங்கலாக இருக்க வேண்டிய மேட்டைக் கூர்மையான கோடாக்கிவிடுகிறது. அங்கே பிணைப்புக்கான எலக்ட்ரான் அடர்த்தி இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. இரண்டு அணுக்கள் போதுமான அளவு நெருங்கி நின்றால் போதும். ஆல்டோ–உட்ரெக்ட் படத்தின் நைட்ரஜன்களுக்கு நடுவே தெரிந்ததும் இதுதான். பிராகாவில் புரோகோப் ஹபாலாவும் பாவெல் ஜெலினெக்கும் 2014-இல் இந்தச் சாய்வை மட்டும் கணக்கில் எடுத்து ஓர் எளிய மாதிரி எழுதினார்கள். அதில் பிணைப்பு என்று எதுவும் கிடையாது, கோடுகள் மட்டும் வந்தன.

அப்படியானால் கோட்டால் பயனில்லையா? உண்டு. கோட்டின் இரு முனைகளும் எந்தெந்த அணுக்கள் எதிரெதிரே நிற்கின்றன என்று காட்டும். அமைப்பை உறுதிசெய்ய அது பொன்னான தகவல். கோட்டின் நீளத்தையும் பளிச்சென்ற அளவையும் பிணைப்பின் நீளமாகவும் வலுவாகவும் படிப்பதுதான் தப்பு.

விசாரணையை நான் செய்யும் முறை இது. முதலில் உயரத் தொடரை எடுத்துக்கொண்டு, கோடு எந்த உயரத்தில் தோன்றுகிறது, நெருங்க நெருங்க எவ்வளவு கூர்மையாகிறது என்று பார்ப்பேன். நெருங்கும்போது கூர்மை ஏறிக்கொண்டே போனால் டிப் சாய்வின் பங்கு பெரிது. அடுத்து, அடர்த்திச் சார்பியக் கணக்கீட்டிலிருந்து (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து அமைப்பைக் கணிக்கும் குவாண்டம் முறை) அணுக்களின் இடங்களை வாங்கி, ஹபாலா மாதிரியில் போட்டுப் படத்தை உருவாக்குவேன். அந்தக் கணக்கீட்டில் வான் டெர் வால்ஸ் திருத்தம் சேர்த்திருக்கிறீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். அது இல்லாவிட்டால் மூலக்கூறு தங்கத்தின் மேல் மிதக்கும். மாதிரியில் மின்னூட்டங்களைச் சேர்த்து ஒருமுறை, எடுத்துவிட்டு ஒருமுறை. வெறும் விலக்கு விசையே என் படத்தை அப்படியே தந்துவிட்டால், பிணைப்பைப் பற்றி அந்தப் படம் எனக்குப் புதிதாக எதுவும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது, கட்டுப்பாட்டு மூலக்கூறு. பிணைப்பு இருக்க முடியாத, ஆனால் அதே நெருக்கத்தில் அணுக்கள் நிற்கும் ஓர் ஏற்பாட்டை அதே டிப்பால் படமெடுக்க வேண்டும். டிரைமெசிக் வலையில் இதற்கு வெளியே போக வேண்டியதில்லை. தீவுகளின் எல்லையில், இரண்டு வலைகள் சரியாகப் பொருந்தாமல் இடிக்கும் இடங்களில், கைகோக்காமல் முட்டிக்கொண்டு நிற்கும் ஆக்சிஜன்கள் கிடைக்கும். அங்கே தெரியும் கோட்டையும் ஒழுங்கான பிடியில் தெரியும் கோட்டையும் ஒரே வண்ண அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

இன்னொரு சந்தேகமும் இங்கேயே தீர வேண்டும். மூலக்கூறுகள் சேர்ந்து நிற்பது ஒன்றையொன்று பிடித்திருப்பதாலா, அல்லது உலோகம் அவற்றை அப்படி நிறுத்தியிருக்கிறதா? தங்கம், வெள்ளி, தாமிரம் மூன்றின் 111 முகங்களிலும் பரப்பின் மேலேயே ஓடும் எலக்ட்ரான்கள் உண்டு. அவற்றின் அலைகள் வழியாகத் தொலைவிலுள்ள அணுக்கள்கூட ஒன்றையொன்று உணரும். தாமிரத்தில் அந்த ஏற்ற இறக்கம் சுமார் 15 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒருமுறை வரும். 10 ஆங்ஸ்ட்ராமுக்கு மேற்பட்ட ஒழுங்கான இடைவெளியைக் கண்டால் இதை முதலில் நினையுங்கள். அதே மூலக்கூறை வெள்ளியிலும் இட்டுப் பார்த்து, இடைவெளி மாறவில்லை என்றால் பிடி மூலக்கூறுகளுடையதுதான் என்ற வாதம் வலுக்கும். ஆனால் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் அணு இடைவெளி ஏறக்குறைய ஒன்றே. ஆகவே பரப்பின் தாளத்துக்கு மூலக்கூறு ஆடுகிறதா என்ற கேள்விக்கு இந்த ஒப்பீடு பதில் தராது.

படி 7: வலுவை அளப்பது

படம் பார்த்து வலுவைச் சொல்ல முடியாது என்றால் எப்படித்தான் அளப்பது? இரண்டு வழிகள். ஒன்று, பரப்பை மெதுவாகச் சூடேற்றி, தீவின் விளிம்பிலிருந்து மூலக்கூறுகள் எவ்வளவு அடிக்கடி கழன்று போகின்றன என்று தொடர்படங்களில் எண்ணுவது. நான்கைந்து வெப்பநிலைகளில் எண்ணினால் கழலும் தடையாற்றல் வரும். பொறுமைக்கான வேலை. டிப்பே மூலக்கூறைத் தள்ளிவிடக்கூடும் என்பதால் மின்னோட்டத்தை மாற்றி, எண்ணிக்கை மாறுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, விசையை நேராக அளப்பது. மூலக்கூறின் ஒரு புள்ளிக்கு மேலே டிப்பை இறக்கி அதிர்வெண் நகர்வைப் பதிவு செய்து, சேடர்–ஜார்விஸ் சமன்பாட்டால் விசையாக மாற்றலாம். பக்கத்தில் வெறும் தங்கத்தின் மேல் எடுத்த வளைகோட்டைக் கழிக்க மறந்துவிடாதீர்கள். டிப்பின் பருத்த உடம்பு இழுக்கும் இழுப்பு அதில்தான் ஒளிந்திருக்கிறது. எந்த அளவு விசையைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிய ஒரு கணக்கு: 2008-இல் ஐபிஎம்மின் அல்மேடன் ஆய்வகத்தில் ஒரு கோபால்ட் அணுவைப் பக்கவாட்டில் நகர்த்தத் தேவையான விசையை அளந்தார்கள். பிளாட்டினத்தில் 210 பிகோநியூட்டன், தாமிரத்தில் வெறும் 17.

டிப்பில் உள்ள அணுவையே பிணைப்பின் ஒரு பாதியாக்கிவிடுவது இதில் சாமர்த்தியமான உத்தி. 2016-இல் பாசல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஷிகெகி கவாய் குழுவினர் டிப்பில் ஒரு செனான் அணுவை வைத்து, வலையின் ஓட்டைகளில் உட்காரவைத்த ஆர்கான், கிரிப்டான், செனான் அணுக்களைத் தனித்தனியாகத் தொட்டு வான் டெர் வால்ஸ் விசையை அளந்தார்கள். அணு பெரிதாகப் பெரிதாக விசையும் ஏறியது. அதே குழு மறு ஆண்டு, டிப்பில் உள்ள கார்பன் மோனாக்சைடின் ஆக்சிஜனைக் கொண்டு, மேல்நோக்கி நிற்கும் ஹைட்ரஜனோடு ஏற்படும் மிக மெல்லிய ஹைட்ரஜன் பிணைப்பையும் அளந்தது. இங்கே கோட்டைப் பற்றிய சண்டையே எழவில்லை, ஏனென்றால் படத்தைப் பார்த்து யாரும் எதையும் சொல்லவில்லை; விசை வளைகோடுதான் பேசியது.

டிரைமெசிக் வலையில் இந்த உத்தி நேராகப் பலிக்காது. அதன் ஹைட்ரஜன்கள் எல்லாம் பரப்போடு படுத்திருக்கும், மேலிருந்து இறங்கும் ஆக்சிஜனுக்கு எட்டாது. அதற்கு விளிம்பில் எண்ணும் முதல் வழிதான்.